வீட்டில் வாசிப்போர்க்கு ஏற்ற உயர்நய விரியலாக்கி

கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞரும் இன்னும் வகுப்புகளில் இருக்கும் மாணவரும் எம்மைக் காணுந்தோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஐயா, வீட்டில் மின்கிற்றார் வாசிப்பதற்குச் சிறியதாயும் கனத்த ஒலி தருவதாயும் உள்ள வால்வு அம்பிளிபயர் எது?" என்பதே அவ்வினா. சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் மாடி வீடொன்றிற் குடியிருக்கும் பழைய மாணவர் ஒருவர் இதே வினாவுடன் எம்மிடம் வந்தார். அவர் ஏற்கனவே 50 உவாற்றுக் கருவி ஒன்றை வாங்கியிருந்தார். சுவருக்கு அப்பால் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தமையால், வாங்கிய கருவியை ஒரு மாலைப்பொழுதேனும் மனம்போல வாசித்தறியாது உறைபோட்டு மூடி வைத்திருந்தார். அவருக்கு நாம் வாய்மொழியாகக் கூறியவற்றையே இம்மலரில் எழுதித் தருகின்றோம்.

முதற்கண் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அம்பிளிபயரை எமது பாடநூல்கள் விரியலாக்கி என வழங்கும். கிற்றார் வாசிப்போர் 'ஹை கெயின்' என்று சொல்வதைப் பௌதிகத் தமிழில் உயர்நயம் எனலாம். நயம் என்னுஞ் சொல் தமிழாசிரியருக்கு ஒன்றையும் பௌதிக ஆசிரியருக்கு வேறொன்றையும் உணர்த்துவது; ஈண்டு நாம் கொள்வது பின்னதே. உட்செல்லும் உவோல்ற்றளவு வெளிவரும்போது எத்தனை மடங்காகின்றதோ, அம்மடங்கே நயம் எனப்படும்.

கருவி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் உவாற்றுத் தொகையையே முதலில் நோக்குகின்றனர். 'வீட்டிற்கு 100 உவாற்று மிகையானது, 20 உவாற்றுப் போதும், 5 உவாற்றாயின் அடக்கமாக ஒலிக்கும்' என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்குப் பிழையானது. செவியானது வலுவை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. வலு பத்து மடங்கு கூடினாற்றான் உரப்பு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். எனவே 100 உவாற்றுக் கருவியும் 10 உவாற்றுக் கருவியும் முழுவிசையில் ஒலிக்கும்போது பின்னது முன்னதன் பாதியளவு உரப்புடையதாகவே தோன்றும்.

இதனைத் தெசிபெல்லிற் பார்த்தல் நன்று. கனத்த ஒலியை விரும்புவோரிடையே பெயர்பெற்ற செலெஸ்ரியன் 'விண்டேஜ் 30' என்னும் 12 அங்குல ஒலிபெருக்கிக்கு 1 உவாற்று வலுவைக் கொடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் 100 தெசிபெல் அளவான ஒலி எழும். 20 உவாற்றாயின் 113 தெசிபெல். ஒரு உவாற்றின் பத்திலொரு பங்கே கொடுப்பினும் 90 தெசிபெல் எழும். நாதசுரமும் தவிலும் கோயில் வீதிக்கென அமைந்தன. அவற்றைப் படுக்கையறையில் வைத்து வாசித்தால் எப்படியிருக்குமோ, அப்படியே இருக்கும் 5 உவாற்று வால்வுக் கருவியை முழுவிசையில் ஒலிக்கச் செய்தாலும். பக்கத்து வீட்டார் முகஞ் சுளியாத வகையில் 70 தெசிபெல் அளவில் வாசிக்க வேண்டுமாயின், அவ்வொலிபெருக்கிக்குச் செல்லவேண்டிய வலு ஒரு உவாற்றின் ஆயிரத்திலொரு பங்கு மாத்திரமே. ஆகவே, வீட்டில் வாசிக்கும் வேளையிற் பெரிய கருவியும் சிறிய கருவியும் ஏறத்தாழ ஒரே வலுவையே தருகின்றன.

அவ்வாறாயின் வால்வுக் கருவியை வீட்டில் வைத்திருத்தலாற் பயன் யாது? இதற்கு விடை காண உயர்நய ஒலி எங்கே பிறக்கின்றதென்பதை அறிதல் வேண்டும். கிற்றாரின் தந்தி அதிர, அதன் கீழுள்ள காந்தச் சுருளில் எழும் சைகை ஏறத்தாழ ஒரு உவோல்ற்றின் பத்திலொரு பங்கு எனக் கொள்வோம். முதலில் அது செல்வது ஈ.சீ.சீ. 83 என்னும் சிறு வால்வுக்கு. அமெரிக்கர் இதனையே 12 ஏ.எக்ஸ். 7 என்பர். கண்ணாடிக் குமிழ் ஒன்றினுள் இரு மூவாயிகளைக் கொண்ட இவ்வால்வின் ஒவ்வொரு பாதியும் சுற்றிற் பொருத்தப்படும்போது ஐம்பது மடங்கு அளவில் நயம் தரும். சைகை இப்போது 5 உவோல்ற்று ஆகின்றது. அடுத்த பாதியின் நெய்யரியோ ஒன்றரை உவோல்ற்று அளவான சைகையையே திரிபின்றித் தாங்கும். அதற்கு மேற்பட்ட அலையின் முடிகள் வெட்டுண்டு போகின்றன. வெட்டுண்ட அலையில் முன்பில்லாத மேற்றொனிகள் பல தோன்றுகின்றன. மெல்ல மீட்டியதற்கும் வலிந்து மீட்டியதற்கும் இடையிலுள்ள வேறுபாடு குறைந்து, ஒலி நீண்டு நிற்கின்றது. இத்தகைய நிலைகள் மூன்று நான்கினை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துவிட்டால் அதுவே உயர்நய விரியலாக்கி.

இலண்டனிலே தமது இசைக்கருவிக் கடையில் 1962 இல் ஜிம் மார்சல் முதன்முதல் உருவாக்கிய கருவி, அமெரிக்காவின் பெண்டர் 'பாஸ்மன்' சுற்றைப் பின்பற்றியது. அக்காலத்து மார்சல் கருவிகளில் முன்னிலைகளின் நயம் அளவானது. திரிபு வேண்டுமாயின் வலு வால்வுகளையே அவற்றின் எல்லை வரை செலுத்த வேண்டும். அதாவது கட்டடமே அதிர வாசிக்க வேண்டும். 1970 களின் தொடக்கத்திற் கலிபோர்ணியாவில் ராண்டல் சிமித் என்பார் சிறு பெண்டர் கருவிகளைத் திருத்தியமைத்து, முன்பகுதியில் மேலும் ஒரு நயநிலையைச் சேர்த்தார். மீசா பூகி என்னும் பெயர் அவ்வழி வந்தது. மார்சல் நிறுவனமும் 1975 அளவில் இறுதி உரப்பைத் தனியே அடக்கும் 'மாஸ்ரர்' குமிழை அமைத்தது. 1987 இல் வந்த சொல்டானோ எஸ்.எல்.ஓ. 100, 1992 இல் எட்வேட் வான் ஹேலனுக்கெனப் பீவி வெளியிட்ட 5150 ஆகியவற்றில் ஒலியின் உருவம் ஏறத்தாழ முழுமையாகவே முன்பகுதியிற் பிறக்கின்றது; வலுப்பகுதி அதனைப் பெருக்கி அனுப்புவதோடு அமைகின்றது.

வீட்டில் வாசிப்போருக்கு இது நற்செய்தி. பழைய மார்சலின் ஒலியை அடக்கி வாசித்தல் இயலாது. உயர்நய ஒலியோ மாஸ்ரர் குமிழைத் தாழ்த்திய பின்னும் பெரும்பாலும் உருக்குலையாது நிற்கும். ஆதலின் கருவியைத் தெரிவோர் நோக்கவேண்டியது உவாற்றை அன்று. முன்பகுதியில் எத்தனை மூவாயி நிலைகள் உள்ளன, மாஸ்ரர் குமிழ் தாழ்ந்த நிலையில் எவ்வாறு நடந்துகொள்கின்றது, எத்தகைய ஒலிபெருக்கியோடு இணைக்கப் போகின்றோம் ஆகிய மூன்றையுமே.

இவற்றுள் மாஸ்ரர் குமிழைப் பற்றி எவரும் கடையிற் கேட்பதில்லை. நாமோ அதனையே தலையாயதாகக் கொள்கின்றோம். சில கருவிகளிற் குமிழைச் சிறிது திருப்பும்வரை ஓசையே இல்லை; மயிரிழை தாண்டியதும் அறை முழுதும் இடிக்கும். இன்னுஞ் சிலவற்றிற் குமிழைத் தாழ்த்தியதும் உயர்மீடிறன்கள் மங்கி, ஒலி கம்பளியாற் போர்த்தியதுபோல் ஆகிவிடும். கடையிற் சோதிக்கும்போது உரக்க வாசித்து மகிழ்தல் வீண். அருகிருப்பவரோடு குரலை உயர்த்தாது உரையாடக்கூடிய அளவிற்குக் குமிழைத் தாழ்த்தி, அந்நிலையிற் கால்மணி நேரம் வாசித்துப் பார்த்தல் வேண்டும். கடைக்காரர் பொறுமை இழப்பின் இழக்கட்டும், பணம் எம்முடையது.

தாழ்ந்த உரப்பில் ஒலி மெலிந்து தோன்றுவதற்குக் கருவி மாத்திரமே காரணம் அன்று. எமது செவி தாழ்ந்த உரப்பிலே மந்த ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைவாகவே உணரும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933 இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டின. எனவே, வீட்டில் வாசிக்கும்போது மந்தக் குமிழையும் உச்சக் குமிழையும் சற்றுக் கூட்டிக்கொள்ளல் பொருந்தும். நயக் குமிழை மாத்திரம் கூட்டினால் தெளிவு கெடும். எமது மாணவர் பலர் செய்யும் பிழை இதுவே.

சிறு கருவிகளின் பெருக்கம் அண்மைக்காலத்தது. 2006 இல் இங்கிலாந்தின் ஒறேஞ்ச் நிறுவனம் வெளியிட்ட 'ரைனி ரெறர்', உணவுப் பெட்டி அளவான உருவில் 15 உவாற்றையும், ஆளியை மாற்றினால் 7 உவாற்றையும் தந்தது. அதன் வலு வால்வுகள் இரண்டும் ஈ.எல். 84 இனத்தவை. எமது தந்தையர் காலத்து ஐரோப்பிய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ஒளிர்ந்ததும் இவ்வால்வே. அதன் பின்னர் பெரிய கருவிகளின் சுற்றுகளைச் சிறு பெட்டிகளுள் அடக்கும் முயற்சி பெருகியது. பீவி 6505 இன் சிறு வடிவம் 20, 5, 1 உவாற்று என மூன்று நிலைகளில் இயங்கும். ஈ.வீ.எச். 5150 இன் 15 உவாற்றுச் சிறுவடிவத்தில் ஈ.சீ.சீ. 83 வால்வுகள் ஐந்து உள. மார்சலின் டீ.எஸ்.எல். 20, ஈ.எல். 34 என்னும் பெரிய வால்வுகள் இரண்டினைக் கொண்டது. அதே வரிசையில் 1 உவாற்றுக் கருவியும் உண்டு.

இவற்றுள் ஒன்றைச் சொல்லுமாறு வற்புறுத்தினால், வேகமான கனத்த வாசிப்பை விரும்புவோருக்கு ஈ.வீ.எச். அல்லது பீவியையும், பழைய பாட்டுகளையும் புதியவற்றையும் கலந்து வாசிப்போருக்கு மார்சலையும் கூறுவோம். 1 உவாற்றுக் கருவிகளை நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. மேலே காட்டியபடி அவற்றால் உரப்பு பெரிதும் குறைவதில்லை. சிறு வலுப்பகுதியோடு சிறு ஒலிபெருக்கியும் சேர்ந்துவிடுவதால் மந்த ஒலியோ மெலிந்துவிடுகின்றது. பெட்டிக்கு இடமுண்டாயின் பின்புறம் மூடிய, 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றே போதும். எதிரொலிப்புக் கருவிகளை வைத்திருப்போர், முன்பகுதிக்கும் வலுப்பகுதிக்கும் இடையே அவற்றை இணைக்கும் துளைகள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்க. திரிபுக்கு முன்னர் எதிரொலிப்பை இட்டால் எல்லாம் கலங்கிய குட்டையாகிவிடும்.

எண்முறைக் கருவிகள் இன்று வால்வின் ஒலியை மிக நெருங்கிவிட்டன என்பதையும் மறையாது கூறவேண்டும். செவிபன்னியோடு மாத்திரம் வாசிக்கப் போகின்றவர் வால்வுக்குப் பணம் செலவிடுதல் வேண்டாம் என்பதே எமது துணிபு. ஒலிபெருக்கியிலிருந்து காற்றில் எழும் ஒலியையும், விரலின் அழுத்தத்துக்கு அது இசைந்து கொடுக்கும் தன்மையையும் நாடுவோருக்கே வால்வு.

எமது அநுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் யப்பானிலிருந்து வந்த கைமாறிய கருவி ஒன்றை மலிவென்று கருதி வாங்கினோம். விற்றவர் ஒன்றுஞ் சொல்லவில்லை; நாமும் பின்புறத் தகட்டை வாசிக்கவில்லை. அது 100 உவோல்ற்றுக்கு அமைந்தது. எமது 230 உவோல்ற்று மின்னில் இணைத்த சில கணங்களில் உருகி எரிந்தது. புதிய உருகியை இட்டோம்; இம்முறை நிலைமாற்றியும் சேர்ந்து கருகியது. பௌதிகம் கற்பித்த கைகளால் இதனைச் செய்தோம் என்பதை எழுதவும் நாணுகின்றோம். யப்பானிய, அமெரிக்கக் கருவிகளை வாங்குவோர் தகட்டில் 230 அல்லது 240 என்று உளதா என்பதைப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். மூன்று முள் செருகியில் நில இணைப்புச் செம்மையாக உள்ளதா என்பதையும் மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்க. நில இணைப்புக் கெட்ட வீட்டிற் கிற்றாரின் தந்தியே மின்கம்பியாகிவிடக்கூடும்.

ஒலிபெருக்கி இணைக்கப்படாத நிலையில் வால்வுக் கருவியை ஒருபோதும் இயக்கலாகாது. வெளியீட்டு நிலைமாற்றி பழுதாகிவிடும். தகுந்த சுமைத்தடை உள்ளே அமைந்த கருவிகள் மாத்திரமே இதற்கு விலக்கு. ஒலிபெருக்கியின் தடங்கல் 8 ஓமா 16 ஓமா என்பதைப் பார்த்து, அதற்குரிய துளையிலேயே இணைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆவல் மாணவர்க்கு இயல்பே. ஆயினும் உள்ளே 300 உவோல்ற்றுக்கு மேற்பட்ட மின் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் அதனை வைத்திருக்கும். உயிரைப் போக்க அது போதும்.

செவியைப் பற்றி ஒரு சொல். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 தெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அக்கணக்கின்படி 100 தெசிபெல்லுக்கு 15 நிமிடமே. அந்த 100 தெசிபெல் ஒரு உவாற்றில் எழுவதென்பதை மேலே கண்டோம். இளமையில் நாம் இக்கணக்கை அறியோம். இன்று எமது இடச்செவியில் இரவும் பகலும் ஓர் இரைச்சல் ஓய்வின்றி ஒலிக்கின்றது.

வெள்ளவத்தை நண்பர் தமது 50 உவாற்றுக் கருவியை விற்கவில்லை. அதன் மாஸ்ரர் குமிழ் நன்றாக இருந்தமையால், நான்கு ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டியை மாத்திரம் கொடுத்துவிட்டு, ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கி, அதனைச் சுவரினின்றும் விலக்கித் தடித்த இரப்பர்த் துண்டுகளின் மேல் வைத்துள்ளார். மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை வாசிக்கின்றார். அப்பிள்ளை அந்நேரத்தில் தனியார் வகுப்புக்குச் சென்றுவிடுகின்றதாம்.