மெட்டு ஊருக்குச் சொந்தம். ஒலி யாருக்குச் சொந்தம்?

வீடியோ விளையாட்டுக்குள் ஒலிக்கும் பாட்டு யாருடையது? “காசு கொடுத்து வாங்கியாயிற்றே, நம்முடையதுதான்” என்பார்கள் பிள்ளைகள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

‘டெட்ரிஸ்’ என்ற விளையாட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். 1989-இல் ஜப்பானிலுள்ள நின்டெண்டோ கம்பெனி ‘கேம் பாய்’ என்ற கையடக்கக் கருவிக்காக அதை வெளியிட்டபோது, கூடவே ஒரு மெட்டும் உலகெங்கும் பரவிற்று. வேடிக்கை என்னவென்றால், அது கம்பெனி போட்ட மெட்டே அல்ல. ‘கரபெய்னிகி’ என்று ருஷ்ய ஜனங்கள் பாடி வந்த நாடோடிப் பாட்டு! சாமான் சுமந்து விற்கும் வியாபாரியின் காதலைச் சொல்வது. அதன் சாகித்தியம், கவிஞர் நெக்ராசோவ் 1861-இல் எழுதிய நெடும்பாட்டிலிருந்து வந்தது. அவர் 1878-இல் காலமாகிவிட்டார். ஆகவே மெட்டும் சொல்லும் இன்று பொதுச் சொத்து. நீங்கள் வயலினில் வாசித்து இசைத்தட்டாக விற்றாலும் தடையில்லை.

ஆனால் கார்ட்ரிட்ஜிலிருந்து அதே பாட்டை உருவி எடுத்து உங்கள் படத்தில் சேர்த்தால் கதை வேறு. கேம் பாயில் ஒரே சமயத்தில் நான்கு குரல்கள்தான் ஒலிக்கும். அதற்குள் அடங்கும்படி பாட்டை அமைத்தவர் ஹிரோகாசு தனாகா. அந்த அமைப்பு புதிய சிருஷ்டி. அதற்குக் காபிரைட் உண்டு. ஆற்றுத் தண்ணீர் பொதுதான். அடுத்த வீட்டுக் குடத்தில் கை விட்டால் சும்மா இருப்பார்களா? கம்பெனிக்காகச் செய்த வேலைக்கு அமெரிக்கச் சட்டம் தரும் காலம் 95 வருஷம். அந்தக் கணக்கில் 2084 முடியும் வரை காத்திருக்க வேண்டும்! விளையாட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தால், அதை உடைப்பதே 1998-ஆம் வருஷத்துச் சட்டப்படி தனித் தவறு.

லாபத்துக்கல்ல, ஆசைக்குத்தான் என்பதும் செல்லாது. நின்டெண்டோ விளையாட்டுகளின் இசையை வருஷக்கணக்கில் யூடியூபில் ஏற்றி வைத்திருந்தார் ஒரு ரசிகர். 2022 ஜனவரியில் 1,300-க்கு மேற்பட்ட தடைகள் வந்து விழுந்தன. மனிதர் கடையைக் கட்டிவிட்டார். சட்டம் கம்பெனி பக்கம்தான். ஆயினும் அவற்றில் பல பாட்டுகளைக் காசு கொடுத்துக் கேட்கவும் அப்போது வழியில்லை. 2024 அக்டோபர் 31-இல்தான் கம்பெனி சந்தாதாரர்களுக்கென்று ‘நின்டெண்டோ மியூசிக்’ தொடங்கிற்று. ரசிகர்கள் இப்படிக் கட்டிக் காத்திராவிட்டால் இந்த ஞானம் உதித்திருக்குமோ என்னவோ!

காபிரைட் உள்ள மெட்டையும், இசைத்தட்டாக வெளிவந்ததானால், தாமே வாசித்துப் பதிவு செய்ய அமெரிக்காவில் வழியுண்டு. விதித்த கட்டணத்தைச் செலுத்தினால் போதும். படத்தோடு சேர்ப்பதானால் மட்டும் உரிமையாளருக்கு எழுதிச் சம்மதம் வாங்கியே தீர வேண்டும்.