ஓய்வளிக்க அறிந்தவனே தலைவன்

சென்ற கோடை விடுமுறையில் திருச்சானூரிலுள்ள நம் இல்லத்துத் திண்ணையில் பந்தும் மட்டையும் இன்றியே பேஸ்பால் ஆட்டம் நடைபெற்றது. அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர் நம் புதல்வனுக்கு அனுப்பிய ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்னும் விளையாட்டு அது. ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் வெளியிட்டது. மெய்யான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அவருடைய திறமை அதில் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். மூன்று பகடைகளை உருட்டினால் பலன் தெரியும்.

நம் புதல்வன் தன் தலைசிறந்த பந்தெறிவோனையே ஓயாது எறிய வைத்தான். ஐந்து சுற்று வரையில் வெற்றிமுகம். பின்னர் ஒரே சரிவு. “அப்பா, இவன்தானே எல்லாரிலும் கெட்டிக்காரன்?” என்று கலங்கினான். கெட்டிக்காரனுக்கும் களைப்பு உண்டு என்பதை அச்சீட்டே கூறுகிறது. அளவு கடந்தால் அடிப்பவனுக்கே அனுகூலம்.

அமெரிக்கப் பெருங்குழுக்கள் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவோர் பெரும்பாலும் ஐவர், முறை வைத்து வருகின்றனர். கிரிக்கெட்டில் பந்து வீசி ஓய்ந்தவர் மீண்டும் வந்து வீசலாம். பேஸ்பாலிலோ வெளியேற்றப்பட்டவர் அன்று திரும்ப இயலாது. எனவே மாற்றாளை முந்தி அழைப்பதும் பிழை. பிந்தி அழைப்பதும் பிழை.

நம் நாட்டிலும் இச்சங்கடம் உண்டு. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னை வெங்கட்ராகவன் ஆகிய நால்வரும் ஒருங்கே ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான்: 1967, பர்மிங்ஹாம். அதிலும் இந்தியா தோற்றது. பிரசன்னாவும் வெங்கட்ராகவனும் ஒரே வகைப் பந்து வீச்சாளர்கள். ஒருவர் ஆட, மற்றவர் வெளியே காத்திருந்த நாட்கள் பல.

இதனை நாம் திண்ணையில் கற்றோமில்லை, அலுவலகத்திலேயே கற்றோம். கார்த்திகை பிரம்மோற்சவத்தின்போது ஓர் ஆண்டு டியூட்டிப் பட்டியல் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கைதேர்ந்த நண்பர் ஒருவரையே தொடர்ந்து டிக்கெட் ஜன்னலில் அமர்த்தினோம். அவரும் மறுத்துரைக்கவில்லை. நிறைவு நாளாகிய பஞ்சமி தீர்த்தத்தன்று, ஜனசமுத்திரம் திரண்ட வேளையில், அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பிழை அவருடையதன்று, நம்முடையதே.

இக்கதையைக் கேட்ட புதல்வன் மறுநாள் ஐவரையும் முறைப்படுத்தி எழுதினான். நாமும் ஒரு பட்டியல் எழுதினோம். அயலூரில் உறவினர் துணையின்றி, வைகறை முதல் இரவு வரை மாற்றாள் இல்லாமலே உழைப்பவர் நம் இல்லத்திலும் ஒருவர் இருக்கிறார் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இப்போது நம் பொறுப்பு.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பட்டியலையும் ஒருமுறை நோக்குங்கள்.