நோயாளியின் சுகாதார எழுத்தறிவை அளக்கும் முறை

கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமென 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ஆயினும் எழுத்தறிவு வேறு. மருத்துவர் கூறியதையும் மருந்துச் சீட்டில் கண்டதையும் உணர்ந்து அதன்படி ஒழுகும் திறன் வேறு. பின்னதைச் சுகாதார எழுத்தறிவு என்பர். பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய தமிழ் வழங்கும் எல்லைப்புற வட்டங்களில் அதனை அளப்பது எளிதன்று.

அமெரிக்காவில் 1993இல் வெளியான ஒரு சோதனை, 66 மருத்துவச் சொற்களை நோயாளியைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்வதாகும். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்துச் செல்லாமையால், ஒரு சொல்லைப் பிழையின்றி ஒலிப்பவர் பெரும்பாலும் அதனை முன்பே அறிந்தவராவர். தமிழுக்கும் மலையாளத்திற்கும் இது பொருந்தாது. எழுத்துக்கூட்டக் கற்ற எவரும் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று படித்துவிடுவர். பொருள் விளங்கியதா என்பது அதனால் தெரியாது. ஸ்பானிய மொழியிலும் இவ்விடர்ப்பாடு நேர்ந்தமையின், 2006இல் வெளியான சோதனையில், படித்த சொல்லோடு பொருளால் இயைந்த சொல்லையும் தெரிந்து கூறுமாறு அமைத்தனர்.

2005இல் வந்த மற்றொரு சோதனை, ஐஸ்கிரீம் பெட்டியின் சத்து விவரச் சீட்டைக் காட்டி ஆறு வினாக்கள் கேட்கிறது. சில நிமிடங்களில் முடிவது அதன் நன்மை. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கைக்கு வருவது ‘1-0-1’ என்றெழுதிய மருந்துச் சீட்டேயாம். காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று என்று அவர் அதனை உணர்கிறாரா என்பதே கேட்கத்தக்க வினா.

மொழியால் விளையும் மயக்கம் இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் ‘பனி’ என்பது காய்ச்சல். மூணாற்றுக் குளிரில் ‘பனியுண்டோ’ என்று வினவினால், தமிழர் மூடுபனியை எண்ணி ‘உண்டு’ எனக்கூடும். ‘மருந்து கழிக்கணம்’ என்றால் மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பது பொருள். தமிழ்ச் செவிக்கோ கழித்தல் என்பது நீக்குதல். நெடுநாள் குடியிருப்போர் இதில் மயங்கார். போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்து மாலையில் திரும்புவோருள் சிலர் மயங்கலாம். மலையாள வினாத்தாளில் இத்தகையோர் பெறும் குறைந்த மதிப்பெண் சுகாதார அறிவின் குறையைக் காட்டுகிறதா, மொழிப் பயிற்சியின் குறையைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய வழியில்லை.

‘விளங்கிற்றா?’ என்று கேட்பதாலும் பயனில்லை. நாணத்தால் பலரும் ‘ஆம்’ என்றே விடையளிப்பர். நோயாளியின் மாத்திரைகளையே அவர்முன் வைத்து, ‘இவற்றை எப்போது, எத்தனை உட்கொள்வீர்கள்? வீட்டாருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்’ என அவர் மொழியிலேயே கேட்டல் வேண்டும். விடை பிழையானால் வேறு சொற்களால் விளக்கி, மறுபடியும் சொல்லச் செய்யலாம். எழுத்துச் சோதனையும் நடத்துவதாயின் முதியோரின் பார்வையை முன்னதாகச் சோதித்தல் நன்று. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரும் அறியாதோர் பட்டியலில் சேர்ந்துவிடுவதுண்டு.