கிரிவலப் பாதை மரங்களுக்கு ‘சர்ஜரி’ தெரிந்த ஆள் வேண்டும்... செயின்சா மட்டும் போதாது, ஏன்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர், பலருக்கும் வெறுங்கால் நடை. கண் மலை மேல் இருக்கும், இல்லைன்னா முன்னால் போகிறவர் முதுகு மேல் இருக்கும். தலைக்கு மேல் நீண்டிருக்கும் புளியங்கிளையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கார்த்திகை தீபத்தன்று அந்தப் பாதையில் நடப்பவர்கள் பல லட்சம் பேர். உள்ளுக்குள் உளுத்துப்போன ஒரே ஒரு கிளை அன்றைக்கு முறிந்தால் என்ன ஆகும்?

‘பேசாம மரத்தையே எடுத்துடலாமே’ என்பது சுலபமான பதில். அந்தப் பதிலுக்கு இந்த ஊர் எப்படி எதிர்வினை காட்டும் என்பது 2016-லேயே தெரிந்துவிட்டது. கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் பணியில் மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. கோயிலின் தல விருட்சமே மகிழ மரம்தான். மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவில் பல வருஷமாக மரம் நட்டு, கோடையில் காட்டுத்தீயை அணைத்து வளர்க்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். மரத்தின் மேல் கைவைத்தால் ஊர் கேள்வி கேட்கும்.

வெட்டவும் கூடாது, விழவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வேலை பார்க்கிறவர்தான் ‘ட்ரீ சர்ஜன்’, தமிழில் சொன்னால் மர மருத்துவர்.

மரம் வெட்டுறவர் வேற, இவர் வேறயா?

வேறதான். எந்தக் கிளை ஆபத்து, எது மரத்துக்கே தேவை, அடிமரம் உள்ளே பொந்தாகிவிட்டதா, வேர்ப்பக்கம் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இவர் ரம்பத்தைத் தொடுவார். அமெரிக்காவில் குடியேறிய ஜான் டேவி என்ற ஆங்கிலேயர் 1901-லேயே ‘தி ட்ரீ டாக்டர்’ என்று புத்தகம் போட்டுவிட்டார். இந்தத் தொழிலுக்கான சர்வதேச சங்கம் 1924-ல் தொடங்கியது.

நமக்கும் இது புதுசு இல்லை. முருங்கைக்கும் கொய்யாவுக்கும் ‘கவாத்து’ பண்ணாத விவசாயி உண்டா? ஆனால் அந்த அக்கறை தெரு மரத்துக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது. “அண்ணே, ஒயர்ல இடிக்குது, மேல ஏறி மொட்டையா எடுத்துடுங்க” என்பதோடு முடிந்துவிடும்.

அந்த மொட்டைதான் பிரச்சினை. உச்சியை மொட்டையடித்த மரம் பயந்துபோய் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். பார்க்க ‘அட, தழைச்சிடுச்சே’ என்று தோன்றும். ஆனால் அந்தப் புதுக்கிளைகள் பழைய கிளைகளைப் போல மரத்தின் ஆழத்தில் இருந்து வரவில்லை, மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடியில் வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். நாலைந்து வருஷத்தில் கிளை கனமானதும், காற்றில் முதலில் முறிவது அதுதான். ஆபத்தைக் குறைக்கச் செய்த வேலையே ஆபத்தை வளர்த்துவிடுகிறது.

சரி, எங்கே வெட்டணும்?

இதற்கு விடை சொன்னதில் செயின்சாவுக்கே பங்கு உண்டு. ஒரே ஆள் தூக்கக்கூடிய செயின்சாக்கள் பரவத் தொடங்கிய காலத்தில், 1959-ல், அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தவர் அலெக்ஸ் ஷைகோ. அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாக்கில் பிளந்து பார்த்தார். 1977-ல் அவர் முன்வைத்த விளக்கம் இதுதான்: நம் தோல் மாதிரி மரம் புண்ணை ஆற்றாது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அதை அப்படியே அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டை வளர்க்கும்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் சட்டைக் காலர் மாதிரி ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அந்தச் சுவர் எழுப்பும் சக்தி அங்கேதான் இருக்கிறது. அதனால் காலருக்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் சுவர் போச்சு. ஒரு அடி குச்சியை விட்டு வெட்டினால் அந்தக் குச்சி வழியாக அழுகல் உள்ளே இறங்கும். பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியில் பாதியளவு ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொன்று, கிளை விழுந்த பிறகு மிச்சக் கட்டையைக் காலரில் எடுப்பது கடைசி வெட்டு. முதல் வெட்டைத் தவிர்த்தால், விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டே போகும். வெட்டுவாயில் தாரோ பெயின்ட்டோ அடிப்பது நம் மன நிம்மதிக்குத்தான். அழுகலை அது தடுப்பதில்லை என்பது ஷைகோவின் முடிவு.

எந்த செயின்சா வாங்கலாம்?

ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது ‘58 சிசி, 22 இன்ச்’. விலை குறைவு, பவர் அதிகம், உடனே கார்ட்டில் போட்டுவிடத் தோன்றும். கிளை கழிக்கிற வேலைக்கு அது தப்பான மெஷின். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மேல் நின்று பார்த்தால் தெரியும்.

தரையில் நின்று கிளை துண்டுபோட 30 முதல் 45 சிசி, 14 அல்லது 16 இன்ச் பார் தாராளம். ஸ்டில் எம்எஸ் 170 சுமார் 30 சிசி, எம்எஸ் 250 சுமார் 45 சிசி. முதிர்ந்த புளிய அடிமரம் வேறு கதை. கறிக்கடைக் கட்டைக்கே புளியைத் தேடுவார்கள் என்றால் அதன் உறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 60, 70 சிசி கேட்கும். மரத்தின் மேல் ஏறுபவருக்கென்றே கைப்பிடி மேலே இருக்கும் தனி வகை உண்டு, நாலு கிலோவுக்கும் குறைவு. ஹஸ்க்வர்னா டி435 அந்த ரகம். அதிலும் ஒரு சிக்கல்: கைக்கு அடக்கமாக இருப்பதால் ஒற்றைக் கையில் பிடிக்கத் தோன்றும். இரண்டு கையும் வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளர்களின் விதி.

சிசியை விட முக்கியமானது செயின் பிரேக். பாரின் நுனியில் மேல் பகுதி எதிலாவது பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்துவது அந்த பிரேக்தான். அது இல்லாத, அல்லது ‘தொந்தரவா இருக்கு’ என்று கழற்றிப்போட்ட மெஷினைத் தொடவே வேண்டாம்.

பெட்ரோலில் 2-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கும் அளவு பல பிராண்டுகளில் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மெஷினோடு வந்த கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். செயின் கூர்மையாக இருக்கிறதா என்பதற்குக் கருவி வேண்டாம், கீழே விழுவதைப் பார்த்தால் போதும். சில்லு சில்லாக விழுந்தால் சரி, மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. தெரு மரங்களில் செயின் சீக்கிரம் மழுங்குவதற்கு நாமும் ஒரு காரணம். விளம்பரப் பலகைக்காக எப்போதோ அடித்த ஆணியை மரம் உள்ளே விழுங்கி வைத்திருக்கும். ஓடும் செயின் அதில் மோதினால் பல் போகும், சில சமயம் செயினே அறுந்து தெறிக்கும்.

மேலே நிற்பவரின் நிலை?

பிலிப்பைன்ஸில் செயின்சா வைத்திருக்கவே பதிவு செய்ய வேண்டும், 2002-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். பிரிட்டனில் தொழிலாகச் செய்பவரிடம் பயிற்சிச் சான்று கேட்பார்கள். இங்கே டெலிவரி பாய் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். லுங்கி, ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு கயிறு என்று ஏறுபவரை நாமே பார்த்திருப்போம். ஓடும் செயினுக்கு அந்தக் கயிறு நூல் மாதிரி. அதனால்தான் மேலே வெட்டும்போது, உள்ளே எஃகுக் கம்பி வைத்த இரண்டாவது கயிறும் போடச் சொல்கிறார்கள். ஹெல்மெட், முகத்திரை, காது மூடி, செயின் பட்டால் நார்கள் சிக்கி அதை நிறுத்திவிடும் கால் கவசம் எல்லாம் சேர்ந்தால் சில சமயம் மெஷின் விலையைத் தொடும். கூலி பேசும்போது இதையெல்லாம் கணக்கில் எடுக்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்?

மின்கம்பிக்குப் பக்கத்தில் என்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏறவே கூடாது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி தேவை. ‘ஆபத்தா இருக்கு’ என்று நாமே முடிவு பண்ணி இறங்கிவிட முடியாது.

திருவண்ணாமலைக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. தீபமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே சமயத்தில் வருகின்றன. மண் ஊறி, காற்று வீசி, மரம் ஆட்டம் காணும் அதே நாட்களில்தான் கீழே கூட்டமும் நிற்கிறது. 2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்தது தீபத்துக்குச் சில நாட்கள் முன்புதான். கார்த்திகை பிறந்த பிறகு அவசர அவசரமாக மெஷினோடு ஏறினால் மொட்டைதான் அடிக்க நேரமிருக்கும். ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்து, காலர் பார்த்து வெட்ட வேண்டுமென்றால் ஆடியில் ஆரம்பித்துப் புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும்.