எலும்பு சேர்ந்தாச்சு, முழங்கால் ஏன் இன்னும் வலிக்கிறது? பழைய முறிவும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும்

பைக்கில் இருந்து விழுந்து முழங்கால் உடைந்தது. பிளேட் வைத்தார்கள், எலும்பு சேர்ந்தது, வேலைக்கும் போயாச்சு. பத்து வருடம் கழித்து அதே முழங்கால் வீங்குகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. 'அப்பவே சரியாப் போச்சே, இப்ப என்ன?' என்று குழம்புபவர்கள் நிறைய பேர்.

அப்போது சேர்ந்தது எலும்பு மட்டும்தான். எலும்பு முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்த நாளங்கள் கிடையாது. அடிபட்டால் எலும்பு மாதிரி அது தானாக வளர்ந்து மூடிக்கொள்ளாது. முறிவு மூட்டுக்குள்ளேயே போயிருந்தால் அந்த இடம் மேடு பள்ளமாக நின்றுவிடும். கால் லேசாக வளைந்து சேர்ந்திருந்தால் உடல் எடை ஒரே பக்கம் விழும். இப்படி வருடக்கணக்கில் தேய்ந்து, நாற்பதுகளிலேயே சிலருக்கு மூட்டு போய்விடுகிறது.

வலி மாத்திரை, பிசியோதெரபி, எடைக் குறைப்பு, வளைந்த எலும்பை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை என மற்ற வழிகளை டாக்டர்கள் முதலில் பார்ப்பதற்கு இந்த வயதும் ஒரு காரணம். செயற்கை மூட்டும் தேயும். வயது குறைவு என்றால் இன்னொரு முறை மாற்ற வேண்டிய வாய்ப்பு அதிகம்.

'பக்கத்து வீட்டு அம்மா ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாளே நடந்தாங்களே' என்ற ஒப்பீடு இங்கே எடுபடாது. அது வயதால் தேய்ந்த மூட்டு. இங்கே பழைய தழும்பு, இறுகிய தசை, கோணலான எலும்பு, உள்ளே இரும்பு எல்லாம் இருக்கிறது.

முக்கியமான பயம் கிருமித் தொற்று. பழைய பிளேட்டில் கிருமி ஒட்டிக்கொண்டு வெளியே தெரியாமல் பல வருடம் இருக்க முடியும். அதனால்தான் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள். சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்ப்பார்கள். தொற்று உறுதியானால் முதலில் பிளேட்டை எடுத்து அதைக் குணப்படுத்தி, பிறகுதான் மூட்டு மாற்று. தொற்று இல்லை என்றால் எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, புது மூட்டுக்குக் குறுக்கே நிற்பதை எடுத்தால் போதும்.

இங்கேதான் பழைய ஃபைல் கைகொடுக்கும். ஸ்க்ரூவின் தலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் தயாராக இல்லையென்றால் ஆபரேஷன் மேசையிலேயே சிக்கல்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர், பழைய எக்ஸ்ரே கைவசம் இருந்தால் டாக்டரால் முன்கூட்டியே திட்டமிட முடியும். தொலைந்துவிட்டதா? முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். ரொம்ப வருடம் ஆகிவிட்டால் கிடைப்பது கஷ்டம்தான்.

செலவு? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளாண்டுக்கு உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அறை, டாக்டர் கட்டணம் இதில் சேராது. எலும்பு பலவீனமாக இருந்தால் நீண்ட தண்டு கொண்ட இம்ப்ளாண்ட் தேவைப்படலாம், பில் ஏறும். எது வைக்கப் போகிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று: ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்தே பிறகும் மடங்கும். வலி பெருமளவு குறையும். ஆனால் விறைத்துப்போன கால் சம்மணம் போடும் அளவுக்கு வருவது அரிது.