மின்கம்பிகளின் கீழே ஒரு பூவெளி

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாக நிற்கும் நெடிய நிலப்பட்டை, பல்லாண்டு காலம் வெட்டிவிடப்பட்ட வெறும் புல்தரையாகவே இருந்தது. மின்கம்பிகளின் கீழே உயர்ந்த மரங்களை வளர்க்க முடியாத அந்நிலத்தில், அம்மண்ணுக்கே உரிய பூஞ்செடிகளையும் புற்களையும் விதைத்து, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் தொடர்பாதை அமைக்கும் திட்டமே ‘மெடோவே’ ஆகும். டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுடன் இணைக்கும் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமான இப்பாதையை, ஆறுகளையும் அவற்றின் கரைநிலங்களையும் பேணும் பொது அமைப்பாகிய ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம் மாநகராட்சியுடன் சேர்ந்து முன்னெடுக்கிறது. 2018இல் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வெஸ்டன் குடும்ப அறக்கட்டளை 2.5 கோடி டொலர் வரை வழங்க முன்வந்தது.

இத்திட்டத்துக்கு வித்திட்டது, அதே நிலப்பட்டையின் ஒரு பகுதியில் முன்னரே உருவான ஸ்காபரோ மைய வண்ணத்துப்பூச்சிப் பாதையாகும். பள்ளி மாணவர்களும் அயலில் வாழ்வோரும் செடி நடுவதில் பங்கேற்ற அம்முயற்சி, பூவெளி நிலைப்பதற்கு மக்களின் ஈடுபாடு எவ்வளவு தேவை என்பதையும் உணர்த்தியது.

நாட்டுச் செடிகள் முதற்சில ஆண்டுகளில் பெரும்பாலும் வேரையே வளர்ப்பதால், விதைத்த நிலம் களை மண்டியதுபோல் தோன்றுகிறது. காரணம் அறியாதவர் அதைக் கைவிடப்பட்ட நிலமென எண்ணி வெட்டச் சொல்லக்கூடும். செடிகளைப் பிரித்தறிவதும் முக்கியம்: மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தமிழர் அறிந்த எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியின் இலைகளை மட்டுமே உண்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய, அதே குடும்பத்துக் கொடியொன்றில் தாய்ப்பூச்சி தவறி முட்டையிட்டால், பொரிந்து வரும் புழுக்கள் மடிந்துவிடுகின்றன. ஆகவே, எதைக் களைவது, எதை விடுவது என்பதை அறிந்த கண்கள் அங்கே பருவந்தோறும் தேவைப்படுகின்றன.

இத்தகைய கூட்டுப் பேணல் தமிழருக்குப் புதிதன்று: தமிழகத்தில் ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் ஊராரே கூடித் தூர்வாரிக் காத்த குடிமராமத்து முறை, பொதுச்சொத்து அதைப் பயன்படுத்துவோரின் உழைப்பாலேயே நிலைக்கும் என்ற அறிவின்மேல் எழுந்தது. பாதை அமைப்பதை அரசும் அறக்கட்டளையும் ஏற்கலாம். ஆனால் குப்பை பொறுக்குதல், விதை சேகரித்தல், செடி நடுதல், பூவெளியின் தன்மையை அயலவருக்கு எடுத்துரைத்தல் ஆகியவற்றை அங்கு வாழ்வோரே தொடர்ந்து செய்ய முடியும். ஸ்காபரோவில் பெருந்தொகையாக வாழும் தமிழர்கள், தம் வீட்டருகே செல்லும் இப்பாதையைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதன் காவற்பொறுப்பிலும் பங்கேற்பது, குடியேறிய மண்ணை முழு உரிமையோடு தமதாக்கிக்கொள்ளும் செயலாகும்.