உங்களுக்குத் தெரியுமா? சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான். மதுரையோ 400-ஐத் தாண்டும். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பறக்கும் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானத்துக்கு யாழ்ப்பாணத் தூரம் முக்கால் மணி நேர வேலை. அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். விசிறி விமானம் மெதுவாகப் போகிறது, ஜெட் விட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிதான் சரி. அட்டவணை நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போதே தொடங்கி, மறுமுனையில் நின்ற பிறகுதான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, வட்டமடித்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். இந்தத் தூரத்தில் ஜெட்டும் முழு வேகத்தைத் தொட்ட சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். மிச்சமாவது சில நிமிடங்களே. பாஸ்போர்ட் சோதனைக்காக முன்கூட்டியே போய் நிற்பது தனிக்கணக்கு. டிக்கெட் எடுக்குமுன் அதையும் கூட்டிப் பாருங்கள்.